வால் அறுந்த சொல்!

"ஷோ பிஸ்" என்று ஒரு சொல் இருக்கிறது.

பிறந்த இடம் அமெரிக்கா. ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. கப்பல் ஏறி, விமானம் ஏறிப் பல நாடுகளுக்குப் போய்விட்டது. மணிலாவில் பேசுகிறார்கள். லாகூரில் அச்சடிக்கிறார்கள். பாரிசில் சொல்கிறார்கள். மாஸ்கோவில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்கள்.

சினிமா, நாடகம், பாட்டுக் கச்சேரி, டெலிவிஷன், சர்க்கஸ்... ஜனங்களை மகிழ வைத்துக் காசு வாங்கும் தொழில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் அது.

தமிழில் இந்தச் சொல் அதிகம் புழங்கவில்லை. நமக்குக் "கலை உலகம்" இருக்கிறது. "திரை உலகம்" இருக்கிறது. பிறகு இதைப் பற்றி நமக்கு ஏன் கவலை?

காரணம் இருக்கிறது. இந்தச் சொல்லில் பாதியைக் காணோம்! காணாமல் போன பாதி எது? அது போனதால் யாருக்கு நஷ்டம்? இதைப் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

முழுப் பெயர் என்ன?

"ஷோ" என்றால் காட்சி. வேடிக்கை என்றும் சொல்லலாம்.

"பிஸ்" என்றால்? அதற்குத் தனி அர்த்தம் கிடையாது. "பிசினஸ்" என்ற சொல்லை வெட்டினார்கள். தலை மட்டும் நின்றது. வால் போய்விட்டது.

பிசினஸ் என்றால் வியாபாரம். ஆக, முழுப் பெயர் "ஷோ பிசினஸ்". வேடிக்கை காட்டும் வியாபாரம்.

இந்த முழுப் பெயர் பழையது. 19-ம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் வழங்கியது. அந்தக் காலத்து வேடிக்கை வியாபாரிகளில் பெரிய ஆள் பி.டி. பார்னம். நியூயார்க்கில் காட்சிசாலை வைத்திருந்தார். பின்னாளில் சர்க்கஸ் நடத்தினார். தாம் செய்வது வியாபாரம் என்பதை அவர் ஒருநாளும் மறைத்தது இல்லை.

அவர் செய்த வியாபாரம் ஒன்றைக் கேளுங்கள்.

1842-ம் ஆண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சிறுவனைப் பார்னம் கண்டார். பையனின் பெயர் சார்லஸ் ஸ்டிராட்டன். வயது 5 கூட நிரம்பவில்லை. உயரம் ஏறக்குறைய 2 அடி. அதுவரை அதற்குமேல் வளரவில்லை. ஆனால் அங்கங்கள் எல்லாம் அளவாக, அழகாக இருந்தன. பையன் சுட்டி.

பார்னம் பெற்றோரிடம் பேசினார். வாரம் 3 டாலர் சம்பளம். பையனுக்கும் தாயாருக்கும் சாப்பாடு, தங்க இடம். ஒப்பந்தம் முடிந்தது.

நியூயார்க்கில் விளம்பரம் வந்தது. அதில் பையனின் பெயர் "ஜெனரல் டாம் தம்ப்". வயது 11! ஊர் இங்கிலாந்து!

ஏன் இந்தப் பொய்? நாலு வயதுப் பிள்ளை குள்ளமாக இருந்தால் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? 11 வயது என்றால்தான் அதிசயம். வெளியூர்ச் சரக்கு என்றால் இன்னும் மதிப்பு.

பையன் ஆடினான், பாடினான், நடித்தான். கூட்டம் குவிந்தது. 1844-ல் இங்கிலாந்து ராணி விக்டோரியாவே அவனைக் கூப்பிட்டுப் பார்த்தார். பையனின் சம்பளமும் உயர்ந்தது. அவன் பெரிய பணக்காரன் ஆனான். பிற்காலத்தில் பார்னம் கடனில் மூழ்கியபோது கைகொடுக்க முன்வந்தவனும் அவனே. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேடிக்கை காட்டும் வியாபாரத்தின் இரண்டு முகங்களும் இந்த ஒரு கதையில் இருக்கின்றன. ஒரு முகத்தில் புகழ், பணம், ராணியின் தரிசனம். இன்னொரு முகத்தில், நாலு வயதுப் பிள்ளையின் வாரச் சம்பளமும், அவனைப் பற்றி அச்சடித்த பொய்யும்.

வாலை வெட்டியது யார்?

சரி, "பிசினஸ்" எப்படி "பிஸ்" ஆயிற்று?

நியூயார்க்கில் சைம் சில்வர்மேன் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். ஒரு மேடை நிகழ்ச்சியைத் தாக்கி விமரிசனம் எழுதினார். அந்த நிகழ்ச்சிக்காரர்கள் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்தவர்கள்! முதலாளிக்குக் கோபம். சில்வர்மேனுக்கு வேலை போயிற்று.

அவர் சும்மா இருக்கவில்லை. 1905-ம் ஆண்டு டிசம்பரில் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். பெயர் "வெரைட்டி". நாடகக்காரர்கள், பாட்டுக்காரர்கள், கோமாளிகள், வித்தைக்காரர்கள், கொட்டகை முதலாளிகள் ஆகியோருக்கான தொழில் பத்திரிகை அது. அது இன்றும் வருகிறது.

"வெரைட்டி"யின் நடை தனி நடை. மேடைக்குப் பின்னால் தொழிலாளிகள் பேசும் பேச்சை அப்படியே அச்சில் ஏற்றினார்கள். நீண்ட சொல்லை வெட்டினார்கள். தலைப்பில் இடம் மிச்சம் ஆயிற்று. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பும் வந்தது.

1935-ம் ஆண்டு ஜூலையில் வந்த ஒரு தலைப்பு மிகவும் பிரபலம். "ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்" என்று நாலே சொல். மந்திரம் போல் இருக்கிறது அல்லவா? அர்த்தம் இதுதான்: "பட்டிக்காட்டுக் கதைகளைப் படமாக எடுத்தால் பட்டிக்காட்டு ஜனங்களே பார்ப்பது இல்லை."

இதே பட்டறையில் அடிபட்டுப் பரவிய சொல்தான் "ஷோ பிஸ்". 1951-ல் "வெரைட்டி" ஆசிரியர் ஏபல் கிரீன், ஜோ லாரி என்பவருடன் சேர்ந்து அமெரிக்க மேடையின் வரலாற்றை எழுதினார். அந்தப் புத்தகத்தின் பெயரே "ஷோ பிஸ்" என்றுதான் தொடங்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாலை வெட்டியவர்கள் அந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள். வெட்டியது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். வாடகை பாக்கி அவர்களுக்குத் தெரியும். ரயில் செலவு தெரியும். வசூல் படுத்தால் சம்பளம் வராது என்று தெரியும். "பிஸ்" என்று அவர்கள் சொன்னாலும், காதில் "வியாபாரம்" என்றே விழுந்தது.

இங்கிலீஷ் வேறு பாஷையாக இருக்கும் ஊரில் அப்படி விழுமா?

ஊருக்கு ஊர் ஒரு மாதிரி

ஜெர்மனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். "ஷோ" என்பதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். "பிசினஸ்" என்பதைத் தங்கள் பாஷையில் மாற்றினார்கள். "ஷோகெஷெஃப்ட்" என்று ஒரு சொல் செய்தார்கள். கெஷெஃப்ட் என்றால் ஜெர்மன் பாஷையில் வியாபாரம், கடை. பால் வாங்கப் போகும் பாட்டிக்கும் அது புரியும்.

ரஷியாவின் கதை வேறு. சோவியத் ஆட்சியில் பாடகர்களுக்கும் கோமாளிகளுக்கும் சர்க்கார்தான் முதலாளி. ஒரு கச்சேரிக்கு இவ்வளவு என்று சர்க்கார் விகிதம் போட்டுச் சம்பளம் கொடுத்தது. அந்தக் கலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் "எஸ்த்ராதா". மேடை என்று அர்த்தம்.

1980-களின் கடைசியில் பூட்டுகள் திறந்தன. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. தனி முதலாளிகள் வந்தார்கள். பணம் போட்டுப் பாடகரை உருவாக்கிப் பணம் எடுத்தார்கள். புதுத் தொழிலுக்குப் புதுப் பெயர் வேண்டாமா? "ஷோ-பிஸ்னெஸ்" என்ற சொல் நிலைத்தது. அவர்கள் வாலை வெட்டவில்லை. மேடை பழசு. அதில் வியாபாரம்தான் புதுசு. புதுசாக வந்ததை எப்படி மறப்பார்கள்?

பாகிஸ்தானுக்கு வருவோம். அங்கே உருதுப் பத்திரிகைகளில் "ஷோபிஸ்" என்று தலைப்பிட்டே பக்கங்கள் வரும். நடிகை ஒருவர் கலியாணம் செய்துகொண்டு நடிப்பை விட்டால், "ஷோபிசிலிருந்து விடைபெற்றார்" என்று செய்தி போடுவார்கள். அங்கே அது ஒரே சொல் ஆகிவிட்டது. வெட்டிய தழும்பு தெரியவில்லை.

எந்த அளவுக்குத் தெரியவில்லை? "ஷோபிஸ் இண்டஸ்ட்ரி" என்று அங்கே சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். இண்டஸ்ட்ரி என்றால் தொழில். "பிஸ்" என்பதே தொழில்தானே! வால் மறந்து போனதால் இன்னொரு வாலை ஒட்ட வேண்டி வந்தது. நாம் "நடு சென்டரில் நிற்கிறான்" என்று சொல்கிறோமே, அதே கதைதான்!

எல்லாவற்றையும் விட ருசியான கதை பிலிப்பைன்ஸ் தீவுகளில் இருக்கிறது.

1898 முதல் 1946 வரை அந்த நாட்டைப் பெரும்பாலும் அமெரிக்கா ஆண்டது. அமெரிக்க மேடைக் கதம்பமான "வாட்வில்" அங்கே போயிற்று. "போதபில்" என்று பெயர் மாறி ஊர் ஆட்டம் ஆயிற்று. பிறகு "ஷோபிஸ்" வந்தது. இன்று பிலிப்பைன்ஸ் ஜனங்களை அந்தச் சொல் இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நடிகை வெளியாளைக் காதலித்தால், "நான்-ஷோபிஸ் காதலர்" என்று எழுதுகிறார்கள். அதாவது, மினுக்கு உலகத்தைச் சேராத சாதாரண மனிதர்.

அது மட்டும் அல்ல. அங்கே "ஷோபிஸ்" ஒரு குணத்தின் பெயரும் ஆகிவிட்டது. யாராவது நேராகப் பதில் சொல்லாமல், பல்லைக் காட்டி, பூசி மெழுகிப் பேசினால், "நீ ரொம்ப ஷோபிசாகப் பேசுகிறாய்!" என்று கிண்டல் செய்வார்கள். மனத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று பொருள்.

பாருங்கள்! அந்த ஜனங்களுக்கு வால் போனது தெரியாமல் இருக்கலாம். ஆனால் பளபளப்புக்குப் பின்னால் வேறு எதுவோ இருக்கிறது என்று அவர்களுடைய மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் நடிகர்களை வெறுக்கவில்லை. ஜோசப் எஸ்ட்ராடா என்ற சினிமா நடிகர் 1998-ல் அந்த நாட்டின் ஜனாதிபதியே ஆனார். 2001-ல் ஜனங்கள் தெருவில் திரண்டார்கள். அவர் பதவி போயிற்று. நேசமும் உண்டு, சந்தேகமும் உண்டு. அந்த ஒரு சொல்லில் இரண்டும் இருக்கின்றன.

நாம் வாங்கிய சொற்கள்

"ஷோ பிஸ்"சை நாம் வாங்கவில்லை. ஆனால் அதே கடையில் வேறு சரக்கு வாங்கினோம்.

முதலில் வாங்கியது "கம்பெனி". வேறு தொழில்களில் கம்பெனி என்றால் வியாபார நிறுவனம். நாம் அதை நாடகத்துக்கு வைத்தோம். நாடகக் கம்பெனி! பாய்ஸ் கம்பெனி! நாடகக் கம்பெனி முதலாளியைக் "கம்பெனி முதலாளி" என்றே தாத்தா, பாட்டிகள் சொன்னார்கள். இது வியாபாரம் என்பதை அந்தச் சொல் ஒளிக்கவில்லை.

அந்தக் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள் யார்? சின்னப் பையன்கள். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் பையன்களை வைத்துச் சபை தொடங்கியபோது, டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 6 வயது. பிற்காலத்தில் அந்த நாட்களை "எனது நாடக வாழ்க்கை" என்ற நூலில் எழுதி வைத்தார். எம்.ஜி.ஆரும் சிறுவயதில் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர்தான். வீட்டில் வறுமை. கம்பெனியில் சேர்ந்தால் மூன்று வேளைச் சோறு. அதற்காகவே பல தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

பையனுக்கு வயது ஏறும். குரல் உடையும். அதற்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் "மகரக்கட்டு". மகரக்கட்டு வந்தால் பாட முடியாது. ஸ்திரீ பார்ட் போய்விடும். நேற்றுவரை ராஜாத்தியாக நின்ற பையன், இன்று ஓரத்தில் நிற்பான். இதுதான் "கம்பெனி".

பிறகு சினிமா வந்தது. "கால்ஷீட்" வந்தது. ஹாலிவுட்டில் கால்ஷீட் என்பது ஒரு காகிதம். நாளைக்கு யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று எழுதி எல்லோருக்கும் கொடுப்பார்கள். லைட் தூக்குகிறவருக்கும் அதே காகிதம்தான். நம்மிடம் வந்ததும் அது நட்சத்திரம் மனம் இரங்கிக் கொடுக்கும் தேதி ஆகிவிட்டது. "கால்ஷீட் கொடுத்துவிட்டார்" என்றால் வரம் கொடுத்த மாதிரி!

பிறகு "சான்ஸ்". இங்கிலீஷில் அது வெறும் வாய்ப்பு. தற்செயல் என்றும் சொல்லலாம். நம் ஊரில் "சான்ஸ்" என்று மொட்டையாகச் சொன்னாலே சினிமா சான்ஸ்தான் மனத்தில் நிற்கும்.

கவனித்தீர்களா? "கம்பெனி" என்ற சொல்லில் வியாபாரம் தெரிந்தது. "கால்ஷீட்" ஆனபோது அது வரம் ஆயிற்று. "சான்ஸ்" ஆனபோது அது அதிர்ஷ்டம் ஆயிற்று. கடைசியில் "கலை உலகம்" என்றோம். அதில் கணக்குப் புத்தகமே கண்ணில் படவில்லை.

அங்கே சொல்லின் வாலை வெட்டினார்கள். இங்கே சொல்லையே மாற்றிக்கொண்டோம். இரண்டும் ஒன்றுதான்.

ஜாக்கியின் பணம் எங்கே?

வியாபாரத்தை மறந்தால் என்ன ஆகும்? ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன்.

சார்லி சாப்ளின் எடுத்த "தி கிட்" என்ற படம் 1921-ல் வந்தது. கந்தல் உடையும் பெரிய கண்ணுமாக ஒரு பையன் அதில் நடித்தான். பெயர் ஜாக்கி கூகன். அவன் அழுதபோது உலகமே அழுதது.

அதன் பிறகு அவனுக்குப் படத்துக்கு மேல் படம். பொம்மைக்கு அவன் முகம். வேர்க்கடலை வெண்ணெய்க்கு அவன் பெயர். சிறுவனாக இருந்தபோதே அவன் சம்பாதித்தது 30 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து 40 லட்சம்!

1935-ம் ஆண்டு மே மாதம் மோட்டார் விபத்தில் தகப்பனார் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜாக்கிக்கு 21 வயது நிறைந்தது. என் பணம் எங்கே என்று கேட்டான்.

பணம் இல்லை!

தாயும், தாயின் இரண்டாவது கணவரும் செலவழித்துவிட்டார்கள். வைர நகைகள். உயர்ந்த மோட்டார் கார்கள். அன்றைய கலிபோர்னியா சட்டமோ தாய் பக்கம் இருந்தது. மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்றது சட்டம்.

1938-ல் பெற்ற தாயின் மேலேயே ஜாக்கி வழக்குப் போட்டான். கடைசியில் அவன் கைக்கு வந்தது 1 லட்சத்து 26 ஆயிரம் டாலர்.

நாடு கொதித்தது. 1939-ல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. பிள்ளை நட்சத்திரத்தின் வருமானத்தில் ஒரு பங்கைப் பத்திரப்படுத்த அந்தச் சட்டம் வழி செய்தது. "கூகன் சட்டம்" என்றே அதற்குப் பெயர். அதில் ஓட்டைகள் இருந்தன. 2000-ம் ஆண்டு முதல் அதை இறுக்கினார்கள். பிள்ளை சம்பாதிக்கும் பணம் பிள்ளைக்கே சொந்தம். நூற்றுக்கு 15 பங்கை, பெற்றோர் தொட முடியாத கணக்கில் போட வேண்டும். இதுதான் இன்றைய சட்டம்.

ஜாக்கியின் தாய் கொடுமைக்காரியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளை வேலை செய்கிறான் என்றே அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை போலும். விளையாடுகிறான், சிரிக்கிறான், உலகம் காசைக் கொட்டுகிறது. அது கூலி என்று யாருக்கும் உறைக்கவில்லை. கூலி என்று தெரிந்திருந்தால், கூலிக்காரனுக்குக் கணக்கு வைத்திருப்பார்கள்.

நம் நாட்டுச் சட்டம்

ஜாக்கியின் கதை நம் வீட்டுக்கும் சொந்தம்.

இன்று நம் பிள்ளைகளும் சினிமாவில் நடிக்கிறார்கள். டெலிவிஷன் பாட்டுப் போட்டியில் பாடுகிறார்கள். விளம்பரத்தில் சிரிக்கிறார்கள். இதற்கு நம் நாட்டிலும் விதிகள் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். 2017-ல் விதிகள் வந்தன. 14 வயது நிரம்பாத பிள்ளைக்கு அந்த விதிகள் சொல்வது என்ன?

நிகழ்ச்சி நடத்துகிறவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம், அதாவது கலெக்டரிடம், அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் 3 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது.

தொடர்ந்து 27 நாளுக்கு மேல் போகக் கூடாது.

பிள்ளையின் விருப்பத்துக்கு விரோதமாக எதுவும் கூடாது.

பிள்ளையின் வருமானத்தில் நூற்றுக்கு 20 பங்காவது, பிள்ளையின் பெயரிலேயே, தேசிய மயமான பாங்கியில் நிரந்தர டெபாசிட்டாகப் போட வேண்டும். பிள்ளை மேஜர் ஆனதும் அந்தப் பணம் பிள்ளைக்கு.

எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? "பையன் டி.வி.யில் வந்தான்" என்று தெரு முழுவதும் மிட்டாய் கொடுக்கிறோம். மிட்டாய் கொடுக்க வேண்டியதுதான். பிறகு பாஸ் புத்தகத்தையும் பார்க்க வேண்டாமா?

"கலை வியாபாரமா?"

சிலர் கோபிக்கலாம். "கலை தெய்விகம் ஆயிற்றே! அதைப் போய் வியாபாரம் என்று சொல்லலாமா?" என்று கேட்கலாம்.

காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவை அழகாக இருக்கிறது. அதை நெய்தவருக்குக் கூலி உண்டு. கூலி கேட்டதால் புடவையின் சாயம் போய்விடுமா? சிற்பி சிலை வடித்தால் நாம் கும்பிடுகிறோம். ஆனால் சிற்பியின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

இன்னொன்று. தெய்விகம் என்று சொல்லியே பலருடைய வயிற்றில் அடித்திருக்கிறார்கள். "கலைச் சேவை செய்கிறாய், சம்பளம் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டால் எதிரே நிற்பவர் வாய் அடைத்துப் போகும். அவர் துணை நடிகராக இருக்கலாம். கூட்டத்தில் ஆடும் பெண்ணாக இருக்கலாம். மேடைக்குப் பின்னால் திரை இழுப்பவராக இருக்கலாம். பெரிய நட்சத்திரம் ஒப்பந்தம் எழுதி, முன்பணம் வாங்கி, வக்கீல் வைத்துக்கொண்டுதான் வருகிறார். அவருக்கு இது வியாபாரம் என்று நன்றாகத் தெரியும். சின்ன ஆளுக்கு மட்டும் இது "சேவை".

ஒரு காலத்தில் நாம் இவர்களைக் "கூத்தாடி" என்று இழிவாகப் பேசினோம். வீடு வாடகைக்குக் கொடுக்கவும் யோசித்தோம். பிறகு மறுகோடிக்குப் போனோம். கடவுளுக்குச் செய்வது போல் பால் ஊற்றினோம். இரண்டும் மரியாதை அல்ல. உழைப்பவர் என்று நினைத்து, உழைப்புக்கு உரிய கூலியும் ஓய்வும் கொடுப்பதுதான் மரியாதை. "தொழில்" என்ற சொல்லில் அந்த மரியாதை இருக்கிறது.

பெற்றோருக்கு

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பாடுகிறதா? ஆடுகிறதா? நடிக்க ஆசைப்படுகிறதா? தடுக்காதீர்கள். திறமை உள்ள பிள்ளையை மூலையில் உட்கார வைப்பதும் கொடுமைதான்.

ஆனால் அனுப்பும்போது, தொழிலுக்கு அனுப்புகிறோம் என்று நினைத்து அனுப்புங்கள். ஒரு பிள்ளையை மில்லில் வேலைக்குச் சேர்த்தால் என்னென்ன கேட்பீர்கள்? எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்பீர்கள். சம்பளம் எவ்வளவு, எப்போது என்று கேட்பீர்கள். துணைக்கு யார் இருப்பார்கள் என்று கேட்பீர்கள். இங்கேயும் அவற்றையே கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். படிக்கக் கஷ்டமாக இருந்தால், படித்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

யாராவது வந்து, "சான்ஸ் வாங்கித் தருகிறேன், முதலில் இவ்வளவு பணம் கட்டு" என்றால், வாசற்படியிலேயே நிறுத்துங்கள். வேலைக்குக் கூப்பிடுகிறவன்தான் கூலி கொடுக்க வேண்டும். வேலை செய்யப் போகிறவன் காசு கட்டுவது எந்த ஊர் வியாபாரம்?

"பணத்தைப் பற்றிக் கேட்டால் சான்ஸ் போய்விடுமே" என்று ஒரு பயம் வரும். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. கேட்டதற்காக ஒரு வாய்ப்புப் போனால், போகட்டும். நாலு கேள்வியைத் தாங்காத இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வீட்டில் எப்படித் தூங்க முடியும்?

"ஷோ பிஸ்" என்ற சொல் நாளைக்குத் தமிழிலும் வந்து உட்காரலாம். வந்தால் வரட்டும். எத்தனையோ சொல் வந்திருக்கிறது. வந்ததும் வாலை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள். அது வியாபாரம். அதில் வேலை செய்கிறவர் தொழிலாளி. உங்கள் பிள்ளையும் அதில் சேர்ந்தால், அந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.